வேலை கைநழுவியது ஏன்? யாரிடம் கேட்டால் பதில் வரும்?

ரெஸ்யூமேயைப் பார்த்தே கழித்துவிட்டார்கள் என்றால் காரணம் கேட்பது வீண். அங்கே உங்களை நினைவில் வைத்திருக்க யாரும் இல்லை. இன்டர்வியூ வரை போய்த் திரும்பியவர்கள்தான் கேட்க வேண்டும். ஆனால் பலரும் கேட்பது ஹெச்ஆரிடம். அங்கேதான் பயன் குறைவு.

"உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்தார்" என்பதைத் தாண்டி ஹெச்ஆர் மின்னஞ்சலில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. எழுத்தில் காரணம் கொடுத்தால் நாளைக்கு அதுவே வம்பாகிவிடும் என்ற பயம். தவிர, கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டது அவர் இல்லையே! ஆனாலும் சில விஷயங்கள் அவருக்குத்தான் தெரியும்: கேட்ட சம்பளம் பட்ஜெட்டுக்கு மேலே போனதா, மூன்று மாத நோட்டீஸ் பீரியட் இடித்ததா, அந்த இடத்தை உள்ளேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களா. அவரிடம் இதை மட்டும் கேளுங்கள்.

கன்சல்டன்சி மூலமாகப் போயிருந்தால் முதலில் அவர்களுக்குத்தான் போன் போடுவேன். நீங்கள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கமிஷன். அடுத்த இன்டர்வியூவில் நீங்கள் தேறுவது அவர்களுக்கும் லாபம். "பேச்சு சரி, ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்டபோது தடுமாறினீர்களாம்" என்கிற மாதிரி எழுத்தில் வராத விஷயம் போனில் வரும். செவிவழிச் செய்திதான், கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்டர்வியூ எடுத்தவரையே லிங்க்ட்இனில் கேட்பது இன்னொரு வழி. பதில் வந்தால் இதைவிட உருப்படியானது வேறில்லை. வருவதுதான் அபூர்வம், வெளியே சொல்லக் கூடாது என்று கம்பெனி கட்டுப்பாடும் இருக்கலாம். "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். "இந்த வேலைக்கு நான் இன்னும் எதைப் படிக்க வேண்டும்?" என்றால் பதில் சொல்வது அவருக்குச் சுலபம். ஒரே கேள்வி, ஒரே முறை. பதில் பிடிக்கவில்லை என்று வாதாடப் போனால் அடுத்த முறை அங்கே விண்ணப்பிக்கவே கூசும்.

அரசு வேலை என்றால் கதையே வேறு. தனியார் கம்பெனிகளிடம் செல்லாத தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இங்கே கை கொடுக்கும். இதன்படி மனு போடக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியே அனுப்பலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். தேர்வு எழுதியவர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2018இல், யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வு வழக்கில், கேட்டதும் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. அதனால் எல்லாத் தேர்விலும் ஒரே மாதிரி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த மனுவில் பலர் சறுக்குவது கேள்வியில்தான். "என்னை ஏன் தேர்வு செய்யவில்லை?" என்று எழுதினால் அது தகவல் இல்லை, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள். கோப்பில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும்: எழுத்துத் தேர்வில் என் மதிப்பெண், நேர்முகத் தேர்வில் என் மதிப்பெண், என் பிரிவுக்கான கட்-ஆஃப். இந்த மூன்றும் கையில் வந்தால் எங்கே விழுந்தோம் என்பதை நாமே கணக்குப் போட்டுவிடலாம். பதில் அரைகுறையாக இருந்தால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும்.