பிளேடு புதிது, படிகாரம் பழையது

விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது முடி திருத்தும் கடைகள் மூன்றுக்குச் சென்றேன். மூன்றிலும் என் கண்ணெதிரிலேயே உறையைப் பிரித்துப் புதிய பிளேடை எடுத்தார்கள். நான் வெளிநாடு போகும்முன் தோல்வாரில் தீட்டித் தீட்டி எல்லோருக்கும் பயன்படுத்திய சவரக்கத்தியை நினைத்தால், இது பெரிய முன்னேற்றம்தான்.

முதற்கடையில் பிளேடு மட்டுமே புதிதாக இருந்தது. அதைச் செருகிய பிடியில் முந்தையவரின் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. என் தாடையில் சிறு கீறல் விழுந்ததும் கடைக்காரர் படிகாரக் கட்டியை நனைத்து எடுத்தார். எனக்கு முன் அமர்ந்திருந்தவரின் கன்னத்தில் அதே கட்டியைத் தேய்த்ததை நான் பார்த்திருந்தேன். படிகாரம் இரத்தக் கசிவை நிறுத்துமே தவிர, தன்மேல் படிந்த கிருமியை அழித்துவிடும் என்று நம்புவதற்கில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸோ உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அதற்குப் போதும். "வேண்டாம் அண்ணே" என்று சொல்லிச் சுத்தமான பஞ்சால் நானே அழுத்திக்கொண்டேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது கடையில் நீல விளக்கு எரியும் பெட்டிக்குள் சீப்பும் கத்தரிக்கோலும் அடுக்கப்பட்டிருந்தன. புற ஊதாக் கதிர் நேரே படும் பரப்பில்தான் வேலை செய்யும். மூடிய கத்தரியின் உட்புறத்தையும் சீப்பின் பல்லிடுக்கில் அடைந்த முடியையும் அது எட்டாது. டிரிம்மரோ அந்தப் பெட்டிக்குள்கூடப் போகாமல், பிரஷால் தட்டப்பட்டு அடுத்த பிடரிக்குச் சென்றது. தலையில் வரும் படை இப்படிப் பரவினால், களிம்பு மட்டும் பூசிக் குணப்படுத்த முடியாது, வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.

மூன்றாவது கடை பார்வைக்கு மிகச் சாதாரணமானது, விளக்குப் பெட்டியும் இல்லை. ஆனால் கருவிகளை முதலில் சோப்பு நீரில் கழுவி, பிறகு கிருமிநாசினிக் கரைசலில் 10 நிமிடம் மூழ்க வைத்தார்கள். அழுக்கோடு மூழ்க வைத்தால் மருந்து உள்ளே இறங்காது என்பதைக் கடைக்காரரே விளக்கினார். இரண்டு செட் கருவிகள் வைத்திருந்ததால்தான் அந்த 10 நிமிடம் அவருக்குச் சாத்தியமாயிற்று. ஒரே செட் உள்ளவர் காத்திருப்போர் வரிசையைப் பார்த்து அவசரப்படுவது இயல்பே.

பிளேடு மாற்றும்போது விரலில் கீறிக்கொள்வது உண்டா என்று அவரைக் கேட்டேன். வாரம் ஒரு முறையாவது உண்டு என்றார். ஆறு மாதத்தில் 3 தவணையாகப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பற்றி அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லையாம்.