செவலையை இடம் மாற்றிய கதை: இங்கிலாந்தில் இரண்டு குதிரை லாயங்கள்

மகளுக்குப் பதிமூன்று வயதில் ஒரு மட்டக்குதிரை வாங்கிக் கொடுத்தோம். வெல்ஷ் இனம், பதினான்கு வயதுப் பெண் குதிரை. இங்கே குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு, 2020 அக்டோபரிலிருந்து மைக்ரோசிப்பும் கட்டாயம். அந்தப் பாஸ்போர்ட்டில் நீளமாக ஒரு வெல்ஷ் பெயர் இருக்கிறது, ஆனால் அதன் நிறத்தைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது செவலைதான். ஊரில் போல வீட்டுப் பின்னால் கட்டி வைக்க முடியாது, லிவரி யார்டு என்று சொல்கிற வாடகை லாயத்தில்தான் விட வேண்டும். இரண்டு வருடத்தில் இரண்டு லாயம் பார்த்துவிட்டோம். பிள்ளைகள் குதிரை கேட்கிறார்கள், எங்கே விடுவது என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலர் கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லாயங்களின் பெயரைச் சொல்லவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் பெயர் தேவைப்படாது.

முதலில் வகைகள். டிஐஒய் என்றால் லாயமும் மேய்ச்சல் நிலமும் மட்டும் அவர்களுடையது, லத்தி அள்ளுவதிலிருந்து தீனி வைப்பது வரை எல்லாம் நம் வேலை. ஃபுல் லிவரி என்றால் எல்லாவற்றையும் அவர்களே பார்ப்பார்கள். நடுவில் இருப்பது பார்ட் லிவரி, நாங்கள் எடுத்தது அதுதான். வார நாட்களில் காலைத் தீனி, தண்ணீர், மேய்ச்சலுக்கு விட்டுத் திரும்பக் கொண்டுவந்து அடைப்பது அவர்கள் பொறுப்பு. மாலையும் சனி ஞாயிறும் எங்கள் பொறுப்பு. வாரத்துக்கு 95 பவுண்டு. லாடம் அடிப்பவர், டாக்டர், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனிச் செலவு.

முதல் லாயம் பார்க்க அழகாக இருந்தது. வெள்ளைச் சுவர், பூத்தொட்டி, சவாரி பழக நல்ல மணல் மைதானம். நாங்கள் போனது ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதுவே முதல் தவறு. வெயிலில் எந்த லாயமும் நன்றாகத்தான் தெரியும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி, நல்ல இருட்டு. மகள் முன்னால் ஓடிப்போய் லாயக் கதவைத் திறந்தவள், "அம்மா, இங்க வாங்க" என்று கூப்பிட்ட குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. செவலை மூலையில் நின்றுகொண்டிருந்தது. காலை வைத்த புல் அப்படியே வலைப்பையில் இருந்தது. முன்னங்காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, நடுநடுவே கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது, மேலுதட்டைச் சுருட்டிச் சுருட்டி விட்டது. சுவரில் இருந்த தானியங்கித் தண்ணீர்க் கிண்ணம் உறைந்து கிடந்தது, பக்கத்தில் வைத்த வாளியின் அடியில் கொஞ்சம் புல் துகள் ஒட்டியிருந்ததே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கையால் தடவிப் பார்த்தேன், அடி காய்ந்திருந்தது. அப்படியென்றால் மதியத்துக்கு முன்பே காலியாகியிருக்க வேண்டும்.

என் தாத்தா காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் தொழுவத்துக்குத்தான் போவார். முதலில் சாணத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் மாட்டின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. டார்ச் அடித்து லத்தியைத் தேடினேன். வழக்கமாக ஒரு நாளில் எட்டு பத்துத் தடவை போடும், அன்றைக்கு இரண்டே இரண்டு குவியல், அதுவும் சின்னச் சின்ன உருண்டையாக, கெட்டியாக, மேலே சளி படிந்து. கோலிக் என்று சொல்கிற வயிற்றுவலிதான், சந்தேகமே இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே அடைத்துக்கொண்டால் மேல்வழியே வெளியேற வழியில்லை. வயிற்றுவலிதானே, காலையில் பார்க்கலாம் என்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

டாக்டர் நாற்பது நிமிடத்தில் வந்தார். நாடி பார்த்தார், 56. சாதாரணமாக 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். நீளக் கையுறை போட்டு முழங்கைக்கு மேல் வரை கையை விட்டுப் பார்த்து, பெருங்குடல் வளைவில் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு லேசானதுதான் என்றார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் தண்ணீரும் உப்பும் இறக்கினார். மகள் செவலையின் நெற்றியில் கை வைத்தபடி அசையாமல் நின்றாள். இரவு ஒன்றே காலுக்கு அது ஒரு நல்ல லத்தி போட்டது, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து அழுதோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 55 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும், காய்ந்த புல் தின்னும் குளிர்காலத்தில் அதற்குத் தண்ணீர் இன்னும் அதிகம் வேண்டும். குழாய் உறைவது யார் தவறும் இல்லை. காலையில் ஒருவர் தீனி வைத்திருக்கிறார், பதினோரு மணிக்கு ஒருவர் மேய்ச்சலுக்கு விட்டிருக்கிறார், நான்கு மணிக்கு வேறொருவர் திரும்பக் கொண்டுவந்து அடைத்திருக்கிறார். மூன்று பேர் கை மாறியும் ஒருவர்கூட வாளிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. வாரத்துக்கு 95 பவுண்டு நான் கொடுத்தது அந்த எட்டிப் பார்த்தலுக்குத்தான்.

மறுநாள் லாயத்து உரிமையாளரிடம் பேசினேன். கோபப்படாமல்தான் பேசினேன். குளிர்காலத்தில் இப்படி நடக்கும், எல்லோரும் பிஸி என்றார். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே விட்டிருக்கக் கூடாது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. மேய்ச்சல் நிலத்தின் பின் வேலியில் முள்புதருக்குள் பழைய முள்கம்பி ஒளிந்திருந்தது. குதிரைக்குத் தோல் மெல்லியது, பயந்தால் யோசிக்காமல் ஓடும், முள்கம்பியில் கால் மாட்டினால் பிய்த்துக்கொண்டுதான் வரும். ஒரு கேட் கீலில் நிற்காமல் கட்டுக்கயிற்றில் தொங்கியது, பக்கத்திலேயே கார் போகும் ரோடு. குதிரையைக் கட்டும் இரும்பு வளையத்தில் நேராகக் கயிற்றை முடிந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை தலைக்கவசம் இல்லாமல், பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய குதிரையை நடத்திப் போனதைப் பார்த்து நான் ஓடிப்போய்க் கையிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அந்தக் குதிரை மிரண்டு ஓடியிருந்தால் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

வேலியோரம் மூன்று சைக்கமோர் மரங்கள் வேறு. இது பலருக்குத் தெரியாது. ஹெலிகாப்டர் மாதிரி சுற்றிச் சுற்றி விழும் அதன் விதையிலும், வசந்தத்தில் முளைக்கும் நாற்றிலும் ஹைபோகிளைசின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்ற குதிரைக்குத் தசைகள் உள்ளேயே சிதைந்து, சிறுநீர் காபி நிறத்தில் போகும், நோய் வந்தவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் அந்தப் பக்கம் ஒரு மின்வேலி இழுத்து அடைக்க வேண்டும். நாங்களே கம்பி வாங்கித் தருகிறோம் என்றுகூடச் சொன்னோம், இத்தனை வருடத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்ற பதில்தான் வந்தது.

கடைசியாக நடந்தது மார்ச்சில். குதிரை வியாபாரி ஒருவரிடமிருந்து புதிதாக ஒன்று வந்து இறங்கியது. நேராகச் செவலைக்குப் பக்கத்து அறையில் அடைத்தார்கள், இரண்டும் கம்பி வழியாக மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டன. மூன்றாம் நாள் புதியது இருமியது, மூக்கில் சளி. ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்று இங்கே ரொம்ப சாதாரணம், தாடைக்கடியில் நெறிகட்டி உடைந்து சீழ் வரும், வாளி, துணி, மனிதர் கை வழியாகவெல்லாம் பரவும். தொற்றியபின் அறிகுறி தெரியவே 3 முதல் 14 நாள்வரை, சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். அதனால்தான் புதிய குதிரையை மூன்று வாரம் தனியே வைக்கச் சொல்கிறார்கள். உரிமையாளரிடம் வாயால் சொன்னேன், தூசிதான் என்றார். இந்தத் தடவை விடவில்லை. தேதி போட்டு, படங்களோடு, நான்கே நான்கு விஷயங்களை எழுதி அனுப்பினேன்: தண்ணீர், முள்கம்பி, சைக்கமோர், இருமும் குதிரை. திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. பதில் பத்து நிமிடத்தில் வந்தது. பிடிக்கவில்லை என்றால் போகலாம், வரிசையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று.

பரிசோதனையில் அது ஸ்ட்ராங்கிள்ஸ் இல்லை என்று பிறகு தெரிந்தது, அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பரிசோதிக்க டாக்டரை வரவழைத்தது லாயம் இல்லை, அந்தக் குதிரையின் சொந்தக்காரப் பெண். நாங்கள் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டோம்.

புகார் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் இங்கிலாந்தில் சட்டம் எப்படி என்றால், சவாரி சொல்லிக்கொடுத்துக் குதிரையை வாடகைக்கு விடும் இடத்துக்கு 2018 விதிகளின்படி கவுன்சில் லைசென்ஸ் வேண்டும், வெறும் லிவரிக்கு வேண்டாம். யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடலாம். அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். 2006 விலங்கு நலச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தும். ஏற்ற இடம், ஏற்ற தீனி, இயல்பாக நடந்துகொள்ள வசதி, தேவைப்படும் துணை அல்லது தனிமை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு, இந்த ஐந்தும் கொடுக்க வேண்டியது சொந்தக்காரர் மட்டுமல்ல, அந்த நேரத்தில் பொறுப்பில் இருப்பவரும்தான். அங்கே வயதான சாம்பல் குதிரை ஒன்று இருந்தது, சொந்தக்காரர் மாதக்கணக்கில் வரவே இல்லை, விலா எலும்பை எண்ணிவிடலாம். அதற்காக வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர் அமைப்புக்குப் போன் செய்தேன். 1927இல் ஆடா கோல் என்ற பெண்மணி தொடங்கிய அமைப்பு அது. என்ன பார்த்தேன், எப்போது பார்த்தேன், நிற்க முடிகிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நம் மொழி உச்சரிப்பு, நம் நிறம், புதிதாக வந்தவர்கள் என்று தயங்கி வாய் மூடி நிற்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, என்னிடமும் இருந்தது. குதிரை விஷயத்தில் அது வேண்டாம். ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்புக்கும் சொல்லலாம், கவுன்சிலுக்கும் சொல்லலாம்.

இப்போது இருக்கும் லாயம் வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடம் தள்ளி. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் அங்கீகாரம் பெற்றது. அது கட்டாயமில்லை, லாயம் தானாக விரும்பி ஆய்வுக்கு உட்படுவது, அதனாலேயே எனக்கு அது பெரிதாகப்பட்டது. இந்தத் தடவை போய்ப் பார்த்தது ஒரு வியாழக்கிழமை, மழை, சாயங்காலம் ஐந்தரை மணி. நான் ஏதும் கேட்பதற்கு முன் லாயத்தை நடத்தும் அம்மா எங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். பாஸ்போர்ட் எங்கே, ஃப்ளூ, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது, லத்தியில் புழுமுட்டை எண்ணிக்கை கடைசியாக எப்போது பார்த்தது, லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி வந்திருக்கிறதா. வந்த பிறகு செவலையை மூன்று வாரம் தனி அறையில் வைத்தார்கள், அதற்கென்று சிவப்பு வாளி, சிவப்பு மண்வெட்டி, வாசலில் கிருமிநாசினித் தொட்டி. மகளுக்குத்தான் தவிப்பு. ஒவ்வொரு தடவையும் பூட்ஸைத் தோய்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

அங்கே எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு இரும்பு வளையத்திலும் புல் கட்டும் மெல்லிய கயிறு ஒன்றை வளையமாக முடிந்து வைத்திருக்கிறார்கள், குதிரையை அதில்தான் கட்ட வேண்டும். அது மிரண்டு பின்னால் இழுத்தால் அந்த மெல்லிய கயிறு அறும், கழுத்து தப்பும். இரண்டு பைசா பெறாத கயிறு. முதல் லாயத்தில் அது ஒன்றுகூட இல்லை.

கதவருகே ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. காலை, மதியம், மாலை மூன்று கட்டம்: தண்ணீர், லத்தி, தீனி மிச்சம், பார்த்தவர் கையெழுத்து. போன மாதம் ஒருநாள் "இன்று லத்தி குறைவு, 4 மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தோம், குடித்தது" என்று எழுதியிருந்தது. எனக்கு மெசேஜும் வந்திருந்தது. வைக்கோலும் புல்லும் அடுக்கியிருக்கும் கொட்டகை லாயத்திலிருந்து தள்ளி இருக்கிறது, தீயணைப்பான் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவர் இல்லாமல் குதிரையைக் கையாளக் கூடாது. ஒருநாள் வேலியில் ஆணி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு என்னோடேயே நடந்து வந்தார்.

குறைகளும் உண்டு. வாரத்துக்கு 130 பவுண்டு, எங்களுக்கு அது பெரிய தொகைதான். மழையில் சவாரி பழகக் கூரை போட்ட மைதானம் கிடையாது. பிப்ரவரியில் நிலம் சேறாகிவிடும் என்று நேரத்தைக் குறைத்துத்தான் மேயவிடுகிறார்கள், ஒரு குதிரை நாளெல்லாம் வெளியே இருக்க வேண்டும் என்று நினைக்கிற எனக்கு அது பெரிய வருத்தம், சொல்லியும் இருக்கிறேன். அடுத்த குளிர்காலத்துக்குக் கேட் பக்கம் ஜல்லி கொட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் லாயத்துக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் காலைத் தீனி வைத்த அந்தச் சின்னப் பெண்ணுக்காக. அவள் ஒருத்திதான் கோலிக் நடந்த மறுநாள் செவலை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இரண்டாவதுக்கு ஐந்துக்கு நாலரை. மீதி அரையை ஜல்லி கொட்டிய பிறகு கொடுக்கிறேன்.