படிப்பகச் சுவரில் தென்னாப்பிரிக்கா: ஒரு படத்தாள் தொகுப்பைப் பற்றி

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்காக, தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியையும் அதை எதிர்த்த போராட்டத்தையும் விளக்கும் 24 படத்தாள்கள் கொண்ட தொகுப்பை மதுரை மேலமாசி வீதிக் கடை ஒன்றில் 650 ரூபாய்க்கு வாங்கினோம். இரண்டு மாதங்களாக அவை சுவரில் இருக்கின்றன. வாங்க எண்ணும் மற்ற படிப்பகங்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

இத்தொகுப்பு மண்டேலாவின் படத்தோடு தொடங்காமல் சட்டங்களோடு தொடங்குவதை மிகச் சிறந்த முடிவாகக் கருதுகிறேன். 1948இல் வெள்ளையரின் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்த பிறகு, 1949இல் கலப்பு மணத்தைத் தடை செய்தார்கள். 1950இல் ஒவ்வொருவரின் இனத்தையும் அரசே பதிவேட்டில் எழுதி, இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்று சட்டம் இயற்றினார்கள். தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனத்தை முடிவு செய்த சோதனையின் படத்துக்கு முன்னால், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் சடையைத் தொட்டுப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தாள்.

ஏழாவது தாளுக்காகவே இத்தொகுப்பை வாங்கலாம். பதினாறு வயதைக் கடந்த கறுப்பின மக்கள் எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டியிருந்த பாஸ் புத்தகத்தின் பக்கங்கள் அதில் பெரிதாக அச்சிடப்பட்டுள்ளன. புகைப்படம், கைரேகை, மாதந்தோறும் முதலாளி கையெழுத்திட வேண்டிய கட்டங்கள் என எல்லாவற்றையும் நின்று வாசிக்க முடிகிறது. இதைக் கட்டாயமாக்கிய 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘பாஸ் ஒழிப்பு’ என்ற சொற்கள் இருந்தன என்பதையும் தாள் மறக்காமல் சொல்கிறது.

ஆனால் இதே தாளில்தான் பெரும்பிழையும் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் அந்தப் புத்தகத்தைக் ‘கடவுச்சீட்டு’ என்று எழுதிவிட்டார். கடவுச்சீட்டு அயல்நாட்டுக்குச் செல்வோர் விரும்பி வாங்குவது. இதுவோ சொந்த மண்ணில் அடுத்த ஊருக்குப் போவதற்கே ஒருவர்மீது திணிக்கப்பட்டது. படத்தைக் கூர்ந்து பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், “எங்க அப்பாரு வச்சிருந்த ராதாரிச் சீட்டு மாதிரில்ல இருக்கு” என்றார். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் இப்பகுதிக் கள்ளர் குடிகளிடம் கைரேகை பெற்று, சீட்டு இல்லாமல் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது என்று வெள்ளையர் அரசு விதித்திருந்த காலத்துச் சொல் அது. ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். எனினும் இந்த மண்ணில் பொருளை உடனே உணர்த்தும் சொல் ஒன்று இருக்கும்போது, தவறான சொல்லை அச்சிட்டது வருத்தம் தருகிறது.

போராட்டத்தைச் சொல்லும் தாள்கள் நேர்த்தியானவை. 8,000க்கும் மேற்பட்டோர் கைதான 1952ஆம் ஆண்டுச் சட்டமறுப்பு, பாஸ் முறையை எதிர்த்து 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் ஏறத்தாழ 20,000 பெண்கள் நடத்திய பேரணி, 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல்துறை 69 பேரைச் சுட்டுக் கொன்றது, 1976இல் சொவேட்டோ மாணவர்களின் எழுச்சி என வரிசையாகக் காட்டுகின்றன. பெண்கள் பேரணிக்கு இரண்டு தாள்கள் ஒதுக்கியிருப்பது மனநிறைவைத் தந்தது. ஆனால் அங்குள்ள இந்தியர்களின் அமைப்பான நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்து, 1947இல் கறுப்பின மக்களின் விடுதலை இயக்கமான ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுடன் கூட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்ட மருத்துவர் மான்டி நாயக்கரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. தமிழில் வெளியிடும் தொகுப்பில் இந்த விடுபடலை என்னால் ஏற்க இயலவில்லை.

தாள் தடிமனாக உள்ளது, எழுத்துகளும் பெரியவை. பளபளப்புப் பூச்சு மட்டும் குழல்விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசச் செய்வதால், விளக்கொளி நேரே படாத சுவரில் மாட்டுவது நல்லது. ஏழாவது தாளில் ‘கடவுச்சீட்டு’ என்று இருந்த இடங்களில் ‘பாஸ் புத்தகம்’ என்று எழுதிய வெள்ளைத்தாளை ஒட்டியிருக்கிறோம். வாங்குவோர் அதையும் செய்துகொள்ள வேண்டும்.