மஹிந்திரா சி.ஜே. 3பி: பச்சைப் பெயிண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்

ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேற ஆசைப்படுகிறவர்களுக்கு மஹிந்திராவின் பெட்ரோல் சி.ஜே. 3பியைவிடப் பொருத்தமான வண்டி என் கண்ணில் படவில்லை. தினமும் பிழைப்புக்கு ஓட்ட வேண்டியவர்களுக்கு இதைவிடத் தொல்லை பிடித்த வண்டியும் இல்லை. இரண்டும் உண்மை.

நான் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஏறுகிற ஜீப்புகளின் உறுமலில்தான் எங்கள் பக்கம் பொழுது விடிகிறது. அவை எல்லாம் டீசல். என்னிடமும் பேஷோ டீசல் என்ஜின் வைத்த மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்று உண்டு. மூட்டை ஏற்ற அதுதான். இந்த சி.ஜே. 3பி ஆசைக்கு வாங்கியது. ஆசைக்கு வாங்கினாலும் வியாபாரி வியாபாரிதான். ஆகவே விலைக்கு ஏற்ற சரக்கா என்றுதான் எழுதப்போகிறேன்.

வண்டியைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, பானெட் ஏன் இவ்வளவு உயரம் என்பதுதான். அழகுக்காக அல்ல. இந்த ஜீப்பை முதலில் செய்தது வில்லிஸ் என்ற அமெரிக்க நிறுவனம். அதன் முந்தைய ஜீப்புகளில் இரண்டு வால்வுகளும் என்ஜினின் அடிப்பகுதியான பிளாக்கிலேயே இருந்தன. 1953இல் அமெரிக்காவில் இந்த மாடல் வந்தபோது, காற்று உள்ளே வரும் வால்வை அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். புகை போகும் வால்வு மட்டும் பிளாக்கில் தங்கியது. என்ஜின் உயரமாகிவிட்டது, அதை மூட பானெட்டையும் உயர்த்தினார்கள். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர். அமெரிக்காவில் 1968இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே மஹிந்திரா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் செய்து ராணுவத்துக்குக் கொடுத்தது.

என் வண்டி கொங்குப் பக்கத்தில் பழைய ஜீப் விற்கும் யார்டு ஒன்றில் நின்றது. உரிமையாளர் பேச்சில் கெட்டிக்காரர். "எழுபத்தொன்றில் சண்டை பார்த்த வண்டி சார், மேலே பீரங்கி வைத்திருந்தது" என்று ஆரம்பித்தார். 1965இல் பஞ்சாபின் அசல் உத்தர் என்ற ஊரில் நடந்த போரில் ராணுவ வீரர் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்து, உயிரைக் கொடுத்து பரம் வீர் சக்கரம் பெற்றது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெருமையை ஒவ்வொரு ஜீப்புக்கும் பங்கு போட்டு விற்பது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் வண்டியைச் சுற்றி வந்தேன். பின் பம்பரில் பெயிண்ட் உரிந்து, அடியில் பழைய வெள்ளை எழுத்து தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். மேல்நோக்கிய அம்பு, அதை அடுத்து 78. ராணுவ எண்ணில் அம்புக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கம், வண்டி படைக்கு வந்த ஆண்டு. 1978இல் சேர்ந்த வண்டி 1971இல் எப்படிச் சண்டை போட்டது என்று கேட்டேன். "அதே மாடல் சார்" என்றார். இரண்டரை லட்சத்தில் நின்ற பேச்சு ஒன்று எண்பதில் முடிந்ததற்கு அந்த அம்பும் ஒரு காரணம்.

யார்டுகளில் நிற்கும் ஜீப்புகளுக்கு மேலே பளபளவென்று பச்சை அடித்திருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள், படுத்து அடியில் பாருங்கள். தரைத் தகட்டுக்குக் கீழே குறுக்கே ஓடும் பெட்டி வடிவப் பட்டைகளில்தான் தண்ணீர் தேங்கித் துரு தின்னும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள், உள்ளே போனால் மொத்தத் தரையும் மாற்ற வேண்டும். பிறகு முன்பக்க ஸ்பிரிங் பட்டைகள் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டும் கொக்கிகளின் அருகே வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இடையில் யாரோ டிராக்டர் டீசல் என்ஜினை இறக்கி ஓட்டியிருக்கலாம். பெட்ரோல் செலவுக்குப் பயந்து பலர் அப்படிச் செய்தார்கள். அந்த எடையை முன்பக்கம் தாங்காது. விற்கும்போது எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் என்ஜினைப் பிடித்து உட்கார வைத்து 'ஒரிஜினல்' என்பார்கள். என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். சேசிஸ் எண் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

முன் சக்கரங்களுக்குப் பின்னால் உருண்டையாகத் தெரியும் மூட்டில் எண்ணெய் கசியாத 3பியை நான் பார்த்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லி விலை குறைக்கலாமே தவிர, அதற்காக வண்டியைத் தள்ள வேண்டாம். ஆனால் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தடதடத்தால், சக்கரம் இடமும் வலமும் திரும்ப உதவும் கிங்பின் பேரிங் போய்விட்டது. அதோடு ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டியரிங் கையைவிட்டுத் துள்ளும்.

இனி ஓட்டம். ஓடும்போதே கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது, வண்டி முழுக்க நின்றால்தான் விழும். போடிமெட்டுச் சாலையில் 17 ஊசி வளைவுகள். இரண்டாம் கியரிலேயே முக்கால்வாசி ஏறிவிடுகிறது. அடியில் இழுவை அப்படி. ஏறும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் மனிதனுக்குக் கடவுள் ஞாபகம் வருகிறது. நான்கு சக்கரத்துக்கும் சிறிய டிரம் பிரேக், ஒரே மாஸ்டர் சிலிண்டர். ஓர் இடத்தில் பைப் விட்டால் நான்கும் போச்சு. கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது; அந்த ஷாஃப்டின் ஜாயின்ட் உடைந்தால் கைப்பிரேக்கும் இல்லை. எனவே ஜாயின்ட் கிராஸ்களில் ஆட்டம் தெரிந்தால் மறுநாளுக்கு ஒத்திப்போடாமல் மாற்றிவிடுவேன்.

தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃப்ரன்ஷியல் இதில் இல்லை. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். அந்த முறுக்கு முழுவதும் பற்சக்கரங்களில் போய் உட்காரும். தோட்டத்துச் சேற்றில் போடுங்கள், அங்கே சக்கரம் சறுக்கி முறுக்கை விட்டுவிடும். அங்கேதான் இந்த வண்டியின் அருமையும் தெரியும். எண்பது அங்குல வீல்பேஸ், ஒல்லி டயர், லோ கியர். புதிய பெரிய வண்டிகள் திரும்ப இடமில்லாமல் முழிக்கிற தோட்டப் பாதையில் இது பாட்டுக்குப் போகிறது.

பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மூடி வாஷர் சரியில்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் வேட்டியே வாசம் சொல்லிவிடும். மலையில் லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர். இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது. பிரேக், பேரிங், ஜாயின்ட் சாமான்களில் நிறைய பிந்தைய மஹிந்திரா ஜீப்புகளுக்கும் பொது என்பதால் போடியிலேயே கிடைக்கின்றன. என்ஜின் சாமானுக்குத்தான் அலைய வேண்டும்.

அதே யார்டில் ஒரு ஜோங்காவும் நின்றது. ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலை நிசான் பேட்ரோல் வடிவத்தில் செய்த வண்டி. ஆறு சிலிண்டர், நான்கு லிட்டர் பெட்ரோல். "தோனியே ஒன்று வைத்திருக்கிறார் சார்" என்றார் உரிமையாளர். தோனிக்குக் கட்டுப்படியாகும். சாமானுக்கு வடநாட்டுக்கு ஆள் அனுப்பவும், பங்கில் மனம் கலங்காமல் நிற்கவும் முடிகிறவர்கள் அதை வாங்கட்டும். ஏறி உட்கார்ந்தால் ராஜ கம்பீரம்தான். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் கட்டும் அகல டயர் ஜீப்புகளும் இங்கே நிறைய வருகின்றன. கண்ணுக்கு விருந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வம்பு. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது.

காகித விஷயத்தில் இரண்டு செய்தி. 2021இல் வந்த விண்டேஜ் விதிப்படி, 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாத வண்டிக்கு இருபதாயிரம் கட்டி 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பர் வாங்கலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் அதை ரோட்டில் எடுக்கலாம். மலைக்குப் போகிற ஆசையுள்ளவர்கள் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது மேல். அதனால் எஃப்.சி. நடப்பில் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். காலாவதியானதை 'நாங்கள் எடுத்துக் கொடுக்கிறோம்' என்றால், எடுத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, அந்தப் பச்சை. ராணுவத்துக்கு வெளியே எந்த வண்டியும் ஆலிவ் பச்சையில் இருக்கக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. யார்டுக்காரர் பெயிண்டுக்கு மட்டும் முப்பதாயிரம் கணக்குச் சொன்னார். அந்த விதியைச் சொல்லி அதையும் கழித்துக்கொண்டுதான் விலை பேசினேன். வண்டி இப்போது சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. பின் பம்பரை மட்டும் சுரண்டாமல் விடச் சொன்னேன், அது பெயிண்டருக்குப் பிடிக்கவில்லை.