அவொண்டேல்: கோபுரம் ஏறுமுன் பார்க்க வேண்டிய மரங்கள்

அயர்லாந்தின் விக்லோ கவுண்டியில், ராத்ட்ரம் ஊருக்கு அருகே உள்ள அவொண்டேல் வனப் பூங்காவுக்கு வருவோரில் பலரை இழுப்பது, 2022-இல் திறக்கப்பட்ட மரஉச்சி நடைபாதையும் 38 மீட்டர் உயரக் கோபுரமும்தான். பாதை மிதமான சரிவில் செல்வதால் சக்கர நாற்காலியில் வருவோரும் உச்சிவரை போகலாம். சீட்டுக்குக் கொடுத்த பணம் எனக்கு வீணாகத் தோன்றவில்லை. உச்சியிலிருந்து வழுக்கி இறங்கும் குழாயைக் குழந்தைகளுக்கே விட்டுவிட்டேன்.

ஆனாலும் இந்த இடத்தின் அருமை தரையில்தான் இருக்கிறது. 1777-இல் இங்கே மாளிகை கட்டிய சாமுவேல் ஹேய்ஸ், மரம் நடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நிலக்கிழார் மட்டுமல்லர். அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினராக 1788-இல் மரவளர்ப்பை ஊக்குவிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்த அவர், 1794-இல் மரநடவு குறித்து ஒரு நூலும் எழுதினார். அதற்கு முன்பே, தாம் நட்ட மரங்களை முறையாகப் பதிவு செய்த குத்தகைதாரருக்கு அவற்றின்மீது உரிமை அளிக்கும் சட்டம் 1765-இல் வந்திருந்தது. நட்டவனுக்குப் பலனில்லை என்றால் குத்தகை நிலத்தில் யார்தான் கன்று வைப்பார்கள்?

ஹேய்ஸுக்குப் பின் எஸ்டேட் பார்னெல் குடும்பத்துக்குச் சென்றது. அரசியல் தலைவர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் 1846-இல் பிறந்தது இங்கேதான். நாட்டின் நிலப்பரப்பில் காடு ஏறத்தாழ 1 சதவீதமாகச் சுருங்கியிருந்த காலத்தில், 1904-இல், அரசு இதை வாங்கி வனப்பள்ளி தொடங்கியது. எந்த மரம் இம்மண்ணுக்கு ஒத்துவரும் என்று சோதிப்பதற்காக, வெளிநாட்டு இனங்களைத் தனித்தனிப் பாத்திகளாக நட்டார்கள். அப்பாத்திகளுக்கு இடையே ஓடும் 'கிரேட் ரைடு' என்ற அகன்ற புல்வழியில் நடந்தால், ஒரே இன மரங்கள் கூட்டமாக நின்று சட்டென வேறு இனத்துக்கு மாறுவதைக் காணலாம். வரிசை ஒழுங்கு சிதைந்த இடங்களும் உண்டு. எனக்கு அவையே அதிகம் பிடித்தன, ஏனெனில் தோற்றுப்போன சோதனையும் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் இந்தப் புல்வழியில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுக் கோபுரம் ஏறுங்கள். கோபுரத்துக்கு முதலில் போனால், மேலிருந்து தெரிவது வெறும் பச்சை விரிப்பாகவே இருக்கும். டப்ளினிலிருந்து ராஸ்லேர் செல்லும் ரயில் ராத்ட்ரமில் நிற்கிறது. மழைக்கோட்டு மட்டும் கட்டாயம் வேண்டும்.