புரோபோலிங்கோவில் எங்கே இறக்கிவிடுகிறார்கள் என்று பாருங்கள்

யோக்யகர்த்தாவிலிருந்து பாலிக்குத் தரைவழியாகப் போகிறவர்கள், வழியில் புரோமோ எரிமலையையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள், அதிலும் தனியாகப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். இந்தோனேசியாவைப் பற்றி எனக்குப் பொதுவாக ஒரு குறையும் இல்லை. மீதிச் சில்லறையை மறந்துவிட்டு வந்தால் தெருமுனை வரை ஓடிவந்து கையில் கொடுக்கிற ஊர் அது. ஆனால் கிழக்கு ஜாவாவில் புரோபோலிங்கோ என்ற ஊரில், வெளிநாட்டுப் பயணியை வழியில் இறக்கிவிட்டுக் காசு கறப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. பல வருடமாக நடக்கிறது. போய்வந்தவர்களைக் கேட்டால் ஆள்தான் வேறு, கதை ஒன்றுதான்.

ஏன் அந்த ஊரில் மட்டும் என்றால், நில அமைப்பு அப்படி. புரோமோவின் உயரம் 2,329 மீட்டர். அதைப் பார்த்தபடி மேலே ஒரு விளிம்பில் செமோரோ லாவாங் என்ற கிராமம் இருக்கிறது. எல்லோரும் தங்குவது அங்கேதான். புரோபோலிங்கோ கீழே கடலோரத்தில். நடுவில் சுமார் 45 கிலோமீட்டர் மலைப்பாதை. ரயிலும் பெரிய பஸ்ஸும் கீழ் ஊரோடு சரி. மேலே ஏற, பாயுவாங்கா பஸ் நிலையத்துக்கு வெளியே நிற்கும் பழைய மினிபஸ்தான் மலிவான வழி. அதற்கு நேர அட்டவணை கிடையாது, 15 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். மாலையாகிவிட்டால் அனேகமாக இல்லை. இந்த இடைவெளியில்தான் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் மாட்டியது யோக்யகர்த்தாவிலேயே தொடங்கிவிட்டது. மாலியோபோரோ கடைவீதியை ஒட்டிய சோஸ்ரோவிஜாயன் பக்கம் சந்துகளில் மலிவு விடுதிகளும், அவற்றுக்கு நடுவே பயண ஏற்பாட்டுக் கடைகளும் நெருக்கமாக இருக்கும். எல்லாப் பலகையிலும் ஒரே வரிசை: புரோமோ, இஜென், பாலி. அதில் ஒரு கடையில் செமோரோ லாவாங் வரைக்கும் மட்டும் வேனில் ஒரு இருக்கை வாங்கினேன். 250,000 ரூபியா. ஆயிரம் ரூபியா என்பது நம் பணத்தில் ஐந்து ரூபாய் சொச்சம்; ஆக, ஆயிரத்து முந்நூறு ரூபாய் போல. விடுதி வாசலில் ஏற்றி அங்கே விடுதி வாசலில் இறக்குவோம் என்றார்கள். ரசீதில் ஊர் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். எழுதியும் கொடுத்தார்கள்.

காலை எட்டு மணி வேன் ஒன்பதே காலுக்கு வந்தது. சோலோவைத் தாண்டினால் சுராபாயா பக்கம் நல்ல சுங்கச்சாலை இருக்கிறது. ஓட்டுநர் அதில் கொஞ்ச தூரம் போவதும் இறங்கி ஊருக்குள் போவதும், ஒரு சாப்பாட்டுக் கடையில் முக்கால் மணி நேரம், பெட்ரோல் பங்கில் அரை மணி நேரம் என்று உருட்டினார். கிழக்கு ஜாவாவில் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். நாங்கள் புரோபோலிங்கோவை எட்டியபோது நன்றாக இருட்டியிருந்தது. அந்தத் தாமதம் தற்செயல் இல்லை என்பது என் கணிப்பு. பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தால் அடுத்த காட்சி நடக்காது.

நெடுஞ்சாலையோரம் ஒரு ஷட்டர் கடை முன்னால் வேன் நின்றது. மேலே ‘சுற்றுலாத் தகவல் மையம்’ என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. அரசாங்க அலுவலகம் என்று நினைக்க வைக்கும் பலகை, கழுத்தில் அட்டை மாட்டிய ஆள், சுவரில் வரைபடம். எல்லோரும் இறங்குங்கள், பெயர் பதிய வேண்டும் என்றார்கள். நாங்கள் இறங்குவதற்குள் ஒரு பையன் பின்கதவைத் திறந்து எங்கள் பைகளைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டான். வேன் நகர்ந்துவிட்டது.

கழுத்தட்டைக்காரர் இனிமையானவர். இந்தியா என்றதும் “ஷாருக் கான்!” என்றார். அந்த நாட்டில் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள் என்பதால் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. டீ வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். மேலே போகும் மினிபஸ் முடிந்துவிட்டது. இது உண்மை, அதனால்தான் மற்றதெல்லாம் எடுபடுகிறது. உங்கள் வேனுக்கு பிரேக் சரியில்லை, மலை ஏறாது. வேறு வண்டிக்கு ஆளுக்கு 150,000. மேலே அறையெல்லாம் நிரம்பிவிட்டது, எங்கள் மூலமாகப் போனால் பார்க்கலாம். சூரிய உதயம் பார்க்க ஜீப் இல்லாமல் விடமாட்டார்கள், அது 350,000. பாலிக்குப் போகும் பஸ் டிக்கெட் மேலே கிடைக்காது, சீசன் வேறு. இப்போதே எடுத்தால் 350,000, ஏசி, சாய்வு இருக்கை, படகுக் கட்டணம், இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்த்து நேராகப் பாலியின் தலைநகர் டென்பசார்.

கூட்டிப் பார்த்தால் நான் யோக்யகர்த்தாவில் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ரசீதைக் காட்டினேன். “அது அவர்கள் கம்பெனி மிஸ், நாங்கள் வேறு” என்றார். போனில் வரைபடத்தைத் திறந்தால் பஸ் நிலையம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. நடந்து போகிறேன் என்றதும் குரல் மாறியது. தனியாக வந்த பெண், ராத்திரி நேரம், இந்த ரோடு நல்லதில்லை, ஏதாவது ஆனால் எங்களைச் சொல்லக்கூடாது. அக்கறையா மிரட்டலா என்று பிரிக்க முடியாதபடி பேசத் தெரிந்திருந்தது அவருக்கு. கூட வந்த டச்சுத் தம்பதியும் கொரியப் பையனும் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் கிளம்பிவிட்டால் அந்தக் கடையில் நானும் அந்த ஆட்களும்தான். ஜீப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலே போகும் வண்டிக்கும் பாலி பஸ்ஸுக்கும் கொடுத்தேன். பஸ்ஸுக்குக் கொடுக்காமல் வண்டியில் ஏற்ற மறுத்தார்கள்.

பத்து நிமிடத்தில் வண்டி வந்தது. அதே வேன், அதே ஓட்டுநர். பிரேக் போன வேன். மலைப்பாதை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார்.

செமோரோ லாவாங்கில் இறங்கினால் வீட்டுக்கு வீடு ‘அறை உண்டு’ பலகை. கதவைத் தட்டிய முதல் வீட்டிலேயே இடம் கிடைத்தது. ஜீப் விஷயமும் பொய்தான். கிராமத்திலிருந்து விடியுமுன் நடந்தே செருனி காட்சிமுனைக்கு ஏறலாம். டார்ச்சும் கொஞ்சம் மூச்சும் இருந்தால் போதும். மணல்வெளியைக் கடந்து எரிமலையின் படிக்கட்டு அடிக்குப் போவதும் ஒரு மணி நேர நடைதான். பெனாஞ்சாக்கான் முனைக்குப் போவதென்றால் மட்டும் ஜீப் தேவை, அதற்கும் மேலேயே ஆள் சேர்த்துப் பங்கு போட்டுக்கொள்ளலாம். தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் தனி, வெளிநாட்டவருக்கு இரண்டு லட்சம் ரூபியாவுக்கு மேல் ஆகிறது. ‘நுழைவு உட்பட’ என்று யாராவது விற்றால் உங்கள் பெயர் போட்ட சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இனி பஸ் கதை. மறுநாள் உள்ளூர் ஆட்களோடு மினிபஸ்ஸில் இறங்கி, சொன்னபடி சாயங்காலம் அதே கடைக்குப் போனேன். ஏழு மணி என்றது ஒன்பது மணி ஆனது. ஒரு பையன் என்னையும் பையையும் பைக்கில் ஏற்றி நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய், போகிற பஸ்களுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றான். ஒரு சாதாரண பஸ் நின்றது. நடத்துநர் கையில் சில நோட்டுகளைத் திணித்தான். அதுதான் என்னுடைய உண்மையான கட்டணம், ஒரு லட்சம் ரூபியாவைக்கூட எட்டியிருக்காது. ஏசி இல்லை, சாய்வு இருக்கை இல்லை, இருக்கையே இல்லை. பைத்தோன் மின்நிலையத்தின் விளக்குகள் தெரியும் வரைக்கும் ஓட்டுநருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து போனேன். இரவுச் சாப்பாட்டை நான் கேட்கவும் இல்லை.

நேராக டென்பசார் என்று விற்ற அந்த பஸ் கடலையே தாண்டவில்லை. அதிகாலை இரண்டு மணி வாக்கில், பாலிக்குப் படகு கிளம்பும் ஜாவாக் கரையின் கெத்தாபாங் துறைமுக வாசலில் “கடைசி, கடைசி” என்று இறக்கிவிட்டார்கள். என் ரசீதைப் பார்த்த நடத்துநர் சிரித்தார். பாவம், அவருக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தமே இல்லை.

அங்கேயும் ஒருவர் வந்தார். டிக்கெட் எல்லாம் எதற்கு, என் வண்டியில் உட்கார்ந்துகொள், அப்படியே படகில் ஏற்றிப் பாலியில் இறக்கிவிடுகிறேன் என்றார். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 2025 ஜூலை 2 இரவு இதே கெத்தாபாங்கிலிருந்து கிளம்பிய துனு பிரதாமா ஜெயா என்ற படகு பாலி நீரிணையில் மூழ்கியது. பட்டியல்படி அதில் 65 பேர். பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. நடந்து ஏறும் பயணிக்குப் படகுக் கட்டணம் ஒரு டீ, பலகாரச் செலவுதான் ஆகும். அதை ஃபெரிஸி செயலியிலோ துறைமுகத்திலோ உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பாலிக் கரையின் கிலிமானுக் துறைமுகம் வந்துவிடும். கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள், பாலியின் நேரம் வேறு. இறங்கியதும் அடையாளச் சோதனை உண்டு, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அங்கிருந்து டென்பசார் பஸ்ஸிலும் என்னிடம் ஒரு விலை, பக்கத்துப் பாட்டியிடம் ஒரு விலை. அது எங்கும் நடப்பதுதான், விட்டுவிடலாம்.

யோக்யகர்த்தா கடைக்கு வாட்ஸ்அப்பில் ரசீதுப் படத்தோடு எழுதினேன். “நாங்கள் டிக்கெட் மட்டும்தான் விற்கிறோம்” என்று ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் நான் அனுப்பியவை ஒற்றை டிக்கோடு நிற்கின்றன.

சரி, எப்படிப் போவது? ரயில்தான். யோக்யகர்த்தாவின் லெம்புயாங்கன் நிலையத்திலிருந்து ஸ்ரீ தஞ்சுங் என்ற மலிவு ரயில் காலையில் கிளம்பி, பிற்பகலில் புரோபோலிங்கோ போய், இரவில் கெத்தாபாங்கில் முடிகிறது. நான் பார்த்தபோது கடைசி வரைக்கும் போனாலும் ஒரு லட்சம் ரூபியாவைத் தொடவில்லை. அதாவது என் வேன் காசில் பாதி கூட இல்லை. டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், ஏறும்போது சரிபார்ப்பார்கள், இடைத்தரகர் நுழைய வழியே இல்லை. இருக்கை நேர் முதுகு, எதிர் இருக்கைக்காரர் முழங்கால் இடிக்கும், அது ஒன்றுதான் கஷ்டம். மலிவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும், ரயில்வேயின் சொந்தச் செயலியில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பழைய வழிகாட்டிகளில் கடைசி நிலையம் பன்யுவாங்கி பாரு என்று இருக்கும். 2019 கடைசியில்தான் அதைக் கெத்தாபாங் என்று மாற்றினார்கள். துறைமுகத்துக்கு அங்கிருந்து நடை தூரம். பன்யுவாங்கி கோத்தா என்பது வேறு நிலையம், அங்கே இறங்கிவிடாதீர்கள்.

புரோபோலிங்கோவில் ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அன்றிரவு கீழேயே தங்கிவிட்டு, காலையில் பஸ் நிலையம் போய் மினிபஸ் பிடியுங்கள். பஸ் நிலைய வாசலிலும் டிக்கெட் விற்க ஆள் வருவார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நடத்துநரிடம் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். விலை பேசும்போது ஆயிரத்தை விழுங்கிவிட்டு ‘ஐம்பது’ என்பார்கள், அது ஐம்பதாயிரம். ஒரு ஆளுக்கா, வண்டிக்கா, போகவா, போய்வரவா என்று கேட்டு எண்ணைப் போனில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வேனில்தான் போக வேண்டும் என்றால், பையை மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக வையுங்கள். ‘தகவல் மையம்’ முன்னால் நிறுத்தினால் இறங்காமல் உட்காருங்கள். இறங்கியே ஆக வேண்டி வந்தால் அந்தக் கடைக்குள் போகாதீர்கள். அந்தச் சாலைகளில் இந்தோமாரெட், அல்ஃபாமார்ட் என்று வெளிச்சமான சிறு கடைகள் அடிக்கடி வரும். அதன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கிராப், கோஜெக் என்ற வாடகை வண்டிச் செயலிகளில் ஒன்றில் வண்டி கூப்பிட்டு ஊருக்குள் ஒரு விடுதிக்குப் போய்விடுங்கள். பஸ் நிலைய வாசலுக்கு மட்டும் அந்த வண்டிகள் வரத் தயங்கும், உள்ளூர் ஓட்டுநர்களோடு தகராறு. கொஞ்ச தூரம் தள்ளி நின்று கூப்பிட வேண்டும்.

‘மேலே அறை இல்லை’ என்பது உண்மையாகும் நாட்களும் உண்டு: சனிக்கிழமை இரவுகள், ரமலான் பெருநாளை ஒட்டிய வாரம், தெங்கர் மக்கள் எரிமலைக் குழிக்குள் காணிக்கை போடும் கசாதா திருவிழா. அப்போது அறையைப் பேசி வைத்துவிட்டே கிளம்புங்கள். மார்ச் மாதத்தை ஒட்டிப் போகிறவர்கள் தீவே அடங்கிக் கிடக்கும் பாலியின் மௌன தினமான நியெப்பி எப்போது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் படகே ஓடாது.