மூண்டு மாத நெல்லா, மூண்டரை மாத நெல்லா? ரெண்டு பொக்ஸ் ப்ளொட்டப் பக்கத்தில வெச்சுப் பாப்பம்

வெள்ளாமைக் காலம் வந்தா எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் ஒரே கதைதான், இந்தமுற மூண்டு மாதத்தில விளையிற நெல்ல விதைக்கிறதா மூண்டரை மாத நெல்ல விதைக்கிறதா எண்டு. சம்மாந்துறையில கேட்டாலும் சரி படுவான்கரையில கேட்டாலும் சரி, ஆளாளுக்கு "சராசரியா ஏக்கருக்கு இவ்வளவு மூடை" எண்டு ஒரு நம்பரத்தான் சொல்லுவாங்க. அந்த ஒரு நம்பர வெச்சு முடிவெடுக்கவே கூடாது. கெம்பஸ்ல ப்ரொஜெக்ட் செய்யிற புள்ளைகளும் இதக் கொஞ்சம் கவனமா வாசிங்க.

விளங்குறதுக்காக நானே போட்ட கணக்கு இது, எந்த வட்டையிலயும் அளந்தது இல்ல. ரெண்டுக்கும் 11 வயல், ஏக்கருக்கு எத்தின மூடை எண்டு வரிசையா எழுதியிருக்கன். மூண்டு மாதம்: 16, 24, 25, 27, 28, 28, 29, 29, 30, 30, 31. மூண்டரை மாதம்: 12, 18, 20, 24, 27, 29, 31, 32, 33, 35, 36. கூட்டிப் பாருங்க, ரெண்டும் 297தான் வரும், 11ஆல பிரிச்சா ரெண்டுக்கும் 27 மூடை. பார் சார்ட் கீறினா ரெண்டு தூணும் ஒரே உயரத்தில நிக்கும், பாக்கிறவர் "ரெண்டும் ஒண்டுதான், எத விதைச்சா என்ன" எண்டுட்டுப் போயிருவார்.

இப்ப இதையே பொக்ஸ் ப்ளொட்டா கீறுவம். அமெரிக்கப் புள்ளிவிபரக்காரர் ஜோன் டூக்கி 1970கள்ல பரவலாக்கின முறை இது. நடுவில கிடக்கிற பாதி வயல்கள் பெட்டிக்குள்ள, அதுக்குள்ள ஒரு கோடு இடையம், அதாவது வரிசையில நட்டநடுவில நிக்கிற வயலின்ட அளவு, பெட்டிக்கு வெளிய ரெண்டு பக்கமும் மிச்ச வயல்கள நோக்கி நீளுற கோடு, அதுக்குப் பேர் மீசை. மூண்டு மாத நெல்லுக்கு இடையம் 28, பெட்டி 25ல இருந்து 30 வரைக்கும், ஒரு சின்னப் பெட்டி. மூண்டரைக்கு இடையம் 29, ஆனா பெட்டி 20ல தொடங்கி 33 வரைக்கும் நீளுது. சராசரி ஒண்டா இருந்த ரெண்டும் இப்ப எவ்வளவு வித்தியாசம் எண்டு பாருங்க.

இடையத்த மட்டும் பாத்தா மூண்டரை மாத நெல்லுதான் வெண்டிச்சு. ஆனா நகைய அடகு வெச்சு உரம் வாங்கி, குத்தகைக்கு எடுத்து விதைக்கிற ஆளுக்கு இடையம் சோறு போடாது, அவர் பாக்க வேண்டியது பெட்டியின்ட கீழ் விளிம்ப. மூண்டு மாதத்தில கெட்ட கால்வாசியத் தள்ளிட்டா மிச்சம் எல்லாம் 25க்கு மேல, மூண்டரையில அந்த விளிம்பு 20. செலவுக்கே 23, 24 மூடை போகும் எண்டு வெச்சா அந்த அஞ்சு மூடைதான் கடன் கட்டுறதுக்கும் அடுத்த போகத்துக்கு கைநீட்டுறதுக்கும் நடுவில நிக்கிற வித்தியாசம். மேல் விளிம்பு 33 எண்டது, ஒரு போகம் விழுந்தாலும் தாங்குற, நிறைய வயல் உள்ள போடியாருக்குத்தான் சரி.

மூண்டு மாதத்தில அந்த 16 மட்டும் மீசைக்கு வெளிய தனிப் புள்ளியா நிக்கும். பெட்டியின்ட நீளம் 5, அதின்ட ஒண்டரை மடங்கு 7.5, 25ல இருந்து கழிச்சா 17.5, அதுக்குக் கீழ போனதால அது தனி. சில பேர் இதக் கண்டவுடன அழிச்சிருவாங்க, தயவுசெய்து அழிக்காதீங்க, அந்த வயலுக்குப் போய்க் கேளுங்க. ஆனை இறங்கின வயலா இருந்தா அது நெல்லின்ட குற்றமில்ல, ஆனா அம்பாறையில வெள்ளாமை செய்யிறவருக்கு ஆனையும் கணக்குத்தான். இன்னொண்டும் பாருங்க, மூண்டரையில 12 வந்த வயலுக்கு தனிப் புள்ளி இல்ல, ஏனெண்டா அந்தப் பெட்டியே அவ்வளவு அகலம்.

எக்செல்ல செய்யிறவங்களுக்கு ஒரு விசயம். 2016 வேர்சன்ல இருந்து பொக்ஸ் ப்ளொட் கிடக்கு, ஆனா பழைய குவார்ட்டைல் போர்முலா மூண்டரைக்கு கீழ்க் காலணை, அதாவது பெட்டியின்ட கீழ் விளிம்பு, 22 எண்டு சொல்லும், சார்ட் 20ல பெட்டிய கீறும். ரெண்டும் பிழையில்ல, கணக்கிடுற முறை வேற. எண்ணிக்கையோட ஒண்டக் கூட்டி நாலால பிரிச்சு, வாற இடத்தில நிக்கிற வயல எடுக்கிற முறையிலயும் மூண்டாவது வயல், 20தான் வரும். எந்த முறையோ, ரெண்டு டேட்டாவுக்கும் ஒண்டையே பாவிங்க, ரெண்டு பெட்டியையும் ஒரே அளவுகோல்ல கீறுங்க.

பொக்ஸ் ப்ளொட்டுக்கும் ஒரு பெரிய குறை இரிக்கு, பெட்டிக்குள்ள என்ன நடக்குது எண்டு அது காட்டாது. மூண்டரையில 24லயும் அதுக்குக் கீழயும் நிக்கிற நாலு வயலும் வாய்க்கால் கடைசியில, தண்ணி கடைசியா வாற இடத்தில இருக்கலாம், 29க்கு மேல நிக்கிறது எல்லாம் தலைப்பில, தண்ணி முதல்ல வாற இடத்தில இருக்கலாம். அப்பிடி ரெண்டு கூட்டமா பிரிஞ்சிருந்தாலும் பெட்டி ஒரே பெட்டிதான். அதால 11 வயல் மாதிரி கொஞ்ச டேட்டாவுக்கு பெட்டிக்கு மேலயே ஒவ்வொரு வயலையும் புள்ளியா வெச்சிருங்க. நூத்துக்கணக்கில இருந்தா ரெண்டு நெல்லையும் தலைப்பு, கடைசி எண்டு பிரிச்சு நாலு பெட்டி கீறுங்க. மூண்டரையின்ட தலைப்புப் பெட்டி மேல போய் கடைசிப் பெட்டி கீழ இறங்கினா, தலைப்பில வயல் உள்ள ஆள் தைரியமா மூண்டரைய விதைக்கலாம், கடைசியில உள்ள ஆள் மூண்டு மாதத்த விட்டு அசையவே கூடாது.